பதினொன்று முதல் ஒன்றேகால் வரை

1998 மார்ச் 9, திங்கள்

பலாபத்வல. கூட்டுறவுக் களஞ்சியத்துக்கு அத்திவாரம் வெட்டும் நாலாவது நாள். காலை ஏழிலிருந்து நாலரை வரை நின்றேன். பெக்கோ ஒவ்வொரு வாளியாக மண்ணை அள்ளிக் கொட்டியது. நான் ஒவ்வொரு வாளியையும் பார்த்தேன். என் உத்தியோகம் அவ்வளவுதான். பழைய விகாரை இருந்ததாகச் சொல்லப்படும் காணிக்குப் பக்கத்தில் யார் என்ன கட்டினாலும், மண்ணுக்குள்ளிருந்து பழைய சாமான் ஏதும் வருகிறதா என்று எங்கள் தொல்பொருள் காரியாலயத்திலிருந்து ஓர் ஆள் போய் நின்று பார்க்க வேண்டும். வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். வராவிட்டால் நாட்தாளில் "விசேஷம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக விசேஷம் இல்லாத மனிதன் நான்.

நாட்தாள் சிங்களத்தில் எழுத வேண்டும். சிங்களச் சோதினையில் இரண்டாம் முறைதான் பாஸ் பண்ணினேன் என்றாலும் என் கையெழுத்தைக் காரியாலயத்தில் எல்லோரும் மெச்சுவார்கள். பின்னேரம் ஆனால் கையெல்லாம் மண், தாள் அழுக்காகிவிடும். ஆகையால் காலையிலேயே முழுவதையும் எழுதி வைத்துவிடுவேன்: ஏழு முதல் நாலரை வரை இடைவிடாது கண்காணித்தேன், விசேஷம் இல்லை. பின்னேரம் கையெழுத்து மட்டும். ஏதாவது வந்தால் வெட்டி எழுதலாம்தானே.

அத்திவாரக் கிடங்குக் குழிக்குள் நின்று மண்வெட்டியால் ஓரம் செதுக்குகிறவன் இராமசாமி. பக்கத்துத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வருகிறான். நல்ல கண். சனிக்கிழமை ஓர் ஓட்டுத் துண்டை எனக்கு முன்னமே கண்டுவிட்டான். ரொட்டி சுற்றி வந்த பேப்பரைக்கூட ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் எறிவான். கட்டட வேலையை நடத்தும் ஓவசியர் பழைய சாமான் என்றால் கண் மினுங்குகிற ஆள். எனவே இராமசாமியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "எது வந்தாலும் ஓவசியரிட்டக் குடுக்காதை. ஒருத்தரிட்டையும் குடுக்காதை. என்ர கையிலதான் தரவேணும்."

"சரிங்கய்யா. ஒங்க கையிலதான்" என்றான்.

மார்ச் 10, செவ்வாய்

தங்கச்சி சுசீலாவின் கடிதம். உடைத்து ஒட்டிய உறை. பிள்ளையோடு வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டாளாம். இந்தப் பக்கம் வருவதற்குப் பாஸ் வேண்டும். பாஸுக்கு, இங்கே குற்றம் குறை இல்லாத ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். அது நான்தான். நாளைக்குப் பதினொன்றரைக்குப் பலாபத்வலக் கலந்தரின் கொமினிகேஷன் கடைக்குக் கோல் எடுப்பாளாம். நான்தான் அந்த நம்பரை எழுதி அனுப்பியிருந்தேன். காரியாலய டெலிபோனில் வவுனியா என்று வாய் திறந்தால் முழு அறையும் நிமிர்ந்து பார்க்கும்.

மார்ச் 11, புதன்

பதினொரு மணிக்குக் கிளம்பினேன். இராமசாமி நிமிர்ந்து பார்த்தான். "வீட்டை ஒருக்காப் போட்டு வாறன்" என்று சொன்னேன். வவுனியாக் கோலைப் பற்றி இவனிடம் சொல்லி, அது ஓவசியர் காதுக்குப் போய், அங்கிருந்து எந்தக் காதுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? சட்டப்படி நான் இல்லாத நேரம் பெக்கோவை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நிறுத்தவில்லை.

லைன் கிடைத்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. "அண்ணா, கூடாரத்துக்குள்ள தண்ணி. பிள்ளைக்குக் காய்ச்சல் விடுகுதில்லை. எப்பிடியாவது எங்களை எடுத்துவிடுங்கோ" என்றாள். மற்றதெல்லாம் இரைச்சல். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுடைய குரல்! கலந்தர் கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீர் தந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தேன். கிழக்குக் கிடங்கு வெட்டி முடிந்திருந்தது. இராமசாமியைக் காணவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று ஓவசியர் ஏசிக்கொண்டிருந்தார்.

தாள் காலையிலேயே எழுதியாயிற்று. கையெழுத்து வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

பத்து மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. நேற்று மத்தியானம் மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், செக்பொயின்டில், இராமசாமியைப் பிடித்திருக்கிறார்கள். துவாயில் சுற்றி ஒரு வெண்கலப் புத்தர் சிலை, ஒரு சாண் உயரம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கிராமத்து விகாரையில் சிலை ஒன்று களவு போயிருக்கிறது. தமிழன், தோட்டத்து ஆள், மடியில் புத்தர். வேறு என்ன வேண்டும்?

கிழக்குக் கிடங்கில் ஒரு பானை உடைந்தது, அதற்குள் இருந்தது என்று இராமசாமி சொல்லியிருக்கிறான். ஓவசியர், தான் சாப்பிடப் போயிருந்ததாகவும் தனக்கொன்றும் தெரியாது என்றும் சொன்னார். பெக்கோக்காரன் மெசின் சத்தத்தில் எதையும் கவனிக்கவில்லையாம். சிலை வந்தது என்றால் வேலை மாதக்கணக்கில் நின்றுவிடும், அது இருவருக்கும் தெரியும்.

பிறகு என் நாட்தாளைக் கேட்டார்கள். கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் சத்தமாக வாசித்தார். இடைவிடாது. விசேஷம் இல்லை.

"முழு நாளும் இங்கேயே நின்றீர்களா?"

ஓம் என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன். நல்ல சுத்தமான சிங்களம்.

ஏன் சொன்னேன்? எங்கே போனீர் என்று கேட்பான். வவுனியாவிலிருந்து யார், என்ன கதைத்தீர்கள் என்று கேட்பான். சுசீலாவின் பாஸ் அத்தோடு சரி. வாய் தானாகவே ஓம் என்றது.

அவர்கள் போன பிறகு கிழக்குக் கிடங்கின் ஓரம் வரை நடந்தேன். பானை உடைந்திருந்தால் மண்சுவரில் அதன் அச்சு இருக்கும், ஓட்டுத் துண்டு இருக்கும். எட்டிப் பார்த்தால் போதும். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதன், இரண்டடி தள்ளி நின்று சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

கிழக்குக் கிடங்குக்குக் கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். விசேஷம் இல்லை.

மார்ச் 16, திங்கள்

வேலையால் மாத்தளைக்குத் திரும்பி வந்தபோது இராமசாமியின் பெண்சாதி எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தாள். என் மனைவி சரோஜினி தேத்தண்ணி கொடுத்திருந்தாள், அது ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நாலு நாளாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே கிடங்கில் எடுத்தவன் என்றால், அதை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்க வேண்டியதுதானே? மாத்தளை பஸ்ஸில் ஏன் ஏறினான்? விற்கத்தானே? இந்தக் கேள்வி இருந்தபடியால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அவள் சொன்னாள்: "ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னீங்களாம் ஐயா. ஓவசியரு சாப்பாட்டுக் கொட்டில்லருந்து எங்க வீட்டுக்காரரு துவாயவே உத்து உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாராம். நீங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? அதுதான் ஒங்க வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடலாம்னு பஸ் ஏறினாராம்."

சேர்ட்டின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினேன்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்கய்யா. 'ஐயா வருவாரு, ஐயாவுக்குத் தெரியும்'னுதான் பொலிஸ்ல சொல்லிக்கிட்டே இருக்காராம்."

பார்ப்போம் என்றேன். பார்ப்போம்! அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கலந்தரின் கடை கிடங்கிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவன் துவாயைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருப்பான். பஸ்ஸும் இல்லை, செக்பொயின்டும் இல்லை. என்ன மனுசனடா நீ, ஆறுமுகநாதா. பொய்யையும் சொல்லி, அந்தப் பொய்யை நம்பி வந்தவனையும் காட்டிக் குடுத்திட்டு நிக்கிறியே.

மார்ச் 17, செவ்வாய்

சரோஜினியிடம் எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை, கோபிக்கவில்லை. "சுசீலா வரட்டும். வந்த பிறகு போய்ச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் தயவுசெய்து வாயைத் திறக்காதேங்கோ" என்றாள்.

அவள் அப்படிச் சொல்வாள் என்று தெரிந்துதான் சொன்னேனோ?

மார்ச் 18, புதன்

கலந்தர் கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியால் போனேன். மனிதர் வெளியே வந்து கூப்பிட்டுவிட்டார். ஊர் முழுக்கத் தெரிந்த கதை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"சேர் வந்த நேரம், போன நேரம், எங்கேந்து கோல், எல்லாம் கொப்பில ஈக்கிது. பயப்பட வாணாம். யாரும் கேட்டா அந்தக் கொப்பி தொலஞ்சி போச்சின்டு சொல்லிடுவன்" என்றார்.

எனக்கு உதவுகிறாராம். நல்ல மனிதர். அவர் முகத்தில் ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

இராமசாமிக்கு மறுபடியும் பதினான்கு நாள் விளக்கமறியல், சிறையில்தான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. சரோஜினி பொங்கினாள். அயலில் சிங்கள வீட்டிலிருந்து கொக்கீஸ் பலகாரம் வந்தது. நான் கோவிலுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். இப்போது பொய் எவ்வளவு இலகுவாக வருகிறது.

ஏப்ரல் 22, புதன்

பொறுப்பு நிற்பவரை விசாரிக்கப் பொலிஸ் வீட்டுக்கு வந்தது. அதே இன்ஸ்பெக்டர். என்னைக் கண்டதும் சிரித்தார். இவரை எனக்குத் தெரியும், நேர்மையான உத்தியோகத்தர் என்று கூட வந்தவரிடம் சொல்லி, நின்ற நிலையிலேயே படிவத்தில் கையெழுத்து வைத்தார். கேக்கும் வாழைப்பழமும் கொடுத்தோம். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

இராமசாமியைப் பிடித்துக் கொடுத்த தாள்தான் சுசீலாவுக்குப் பாஸ் எடுத்துக் கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.

மே 6, புதன்

சுசீலாவும் பிள்ளையும் வந்துவிட்டார்கள். பிள்ளை கோழிக்குஞ்சு போல இருக்கிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுகிறாள். சுசீலா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா, நீங்கள் இல்லாட்டி நாங்கள் அங்கயே முடிஞ்சிருப்பம்."

எழும்பு, எழும்பு என்றேன்.

மே 7, வியாழன்

வந்த பிறகு சொல்கிறேன் என்றேன். வந்துவிட்டார்கள். இன்று போயிருக்கலாம். பாஸ் மூன்று மாதத்துக்குத்தான், புதுப்பிக்க வேண்டும், அதற்கும் நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும் என்கிறாள் சரோஜினி. சரிதான். நியாயம்தான். நியாயத்துக்கு என்ன குறை, ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று கிடைக்கிறது.

மே 20, புதன்

கோர்ட். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உண்மையாகத்தான். கலந்தரின் கொப்பியைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன்.

களவு கொடுத்த விகாரையின் பிக்கு, ஹாமுதுரு, வந்து, இது எங்கள் சிலை இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. மிஞ்சியது, பழம்பொருளை அறிவிக்காமல் மறைத்து வைத்திருந்தது. வழக்கை இழுத்தால் வருடக்கணக்கில் மறியல், ஒப்புக்கொண்டால் ஆறு மாதத்தோடு போய்விடும் என்று இராமசாமியின் வக்கீல் சொல்லியிருக்கிறார். அவன் ஒப்புக்கொண்டான். "குற்றவாளி" என்று கோர்ட் மொழிபெயர்ப்பாளர் முதலியார் சிங்களத்தில் சொன்னார். சாட்சி தேவைப்படவில்லை. என்னைப் போகச் சொன்னார்கள்.

எனக்கு வந்தது நிம்மதி. இதை இங்கேயாவது எழுத வேண்டும்.

வெளியே கொண்டுபோகும்போது அவன் என்னைக் கண்டான். விலங்குக் கையைத் தூக்கி, "ஐயா வந்திருக்கீங்களா" என்றான். கேலி இல்லை. வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

ஓகஸ்ட் 17, திங்கள்

கோர்ட் சிலையை எங்கள் காரியாலயத்துக்கு அனுப்பியிருக்கிறது. முன்னறைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்கள். இன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். இடது தோளில் புதிதாக ஒரு கீறல், பெக்கோவின் பல் பட்டது. சுத்தம் பண்ணுகிறவர்கள் அதைப் பழைய காயம் என்று குறித்திருந்தார்கள். எந்த மெசினும் பழைய காலத்தில் இருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

சிங்களத்திலும் இங்கிலீசிலும் குறிப்பு அட்டை அடித்தாயிற்று: கண்டெடுத்த இடம் தெரியாது. தமிழ் அட்டையை எழுதும் வேலை எனக்கு. இங்கே தமிழ் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். "உங்கள் அழகான கையெழுத்தில் எழுதுங்கள்" என்றார் மேலதிகாரி.

ஓகஸ்ட் 18, செவ்வாய்

எழுதினேன்.

"வெண்கலப் புத்தர். பலாபத்வல, களஞ்சியக் கட்டடத்தின் கிழக்கு அத்திவாரக் கிடங்கில், நாலடி ஆழத்தில், பானை ஒன்றினுள் 1998 மார்ச் 11 அன்று கிடைத்தது. கண்டெடுத்தவர்: இராமசாமி."

மேலதிகாரி அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்து, மிக அழகு என்றார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

ஏதோ வீரச் செயல் செய்துவிட்டவன் போல வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 19, புதன்

யாருக்கும் வாசிக்கத் தெரியாத இடத்தில் உண்மையை எழுதி வைத்துவிட்டு நான் நல்லவனாகிவிட்டேனாம். வெட்கமில்லையா?

ஒக்டோபர் 28, புதன்

நன்னடத்தைக் கழிவு போக, போன மாதமே இராமசாமியை விட்டுவிட்டார்களாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை.

இன்று பதினொரு மணிபோலக் காரியாலயத்துக்கு வந்தான். வெள்ளைச் சேர்ட், அரைக்குக் கீழே தொளதொளவென்று சாரம். பாதியாகிவிட்டான். நான் எழுந்து நின்றேன். என்ன கேட்டாலும் கொடுக்க வேண்டும், என்ன ஏசினாலும் வாங்க வேண்டும் என்று நின்றேன்.

"அந்தச் சாமிய ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்கய்யா. அன்னைக்கு அவசரத்துல மொகத்தக்கூடச் சரியாப் பாக்கல" என்றான்.

முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றான். சிலையை வெகுநேரம் பார்த்தான். பிறகு அட்டை. ரொட்டிப் பேப்பரை வாசிக்கிற அதே மாதிரி, உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாக. தன் பெயர் வந்த இடத்தில் உதடு நின்றது. நான் எதை எதிர்பார்த்தேன்? மன்னிப்பையா? நன்றியையா? கடவுளே, நன்றியையும்தான் எதிர்பார்த்தேன்.

அவன் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "நாலடி இல்லீங்கய்யா. அஞ்சரை. பானை என் கணுக்கால் மட்டத்துல இருந்துச்சு, மேல் தரை தலைக்குக் கொஞ்சம் மேல. நீங்க அங்க இல்லையே, ஒங்களுக்கு எப்படித் தெரியும்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. அளவு பிழைத்தால் சொல்லித் தருவான், கிடங்கில் நின்ற நாட்களிலும் அப்படித்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு, "நான் வாறேங்கய்யா" என்று போய்விட்டான்.

ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் எனக்கு அந்த ஆழம் தெரிந்திருக்கும்.

ஒக்டோபர் 29, வியாழன்

சரோஜினியையும் சுசீலாவையும் ஒன்றாக இருத்தி, நடந்ததையும், அதைக் காரியாலயத்துக்கு எழுதிக் கொடுக்கப் போவதையும் சொன்னேன். சுசீலாவுக்கு எதுவும் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தவள், "அந்தாள் எங்களுக்காகவா உள்ளுக்க கிடந்தவர்?" என்றாள். பிறகு, "எழுதுங்கோ அண்ணா. பாஸுக்கு நான் வேற ஆளைப் பாக்கிறன்" என்றாள். சரோஜினி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த நிமிடம் வரை என்னோடு கதைக்கவில்லை.

ஒக்டோபர் 31, சனி

கலந்தரிடம் போய் அந்த மார்ச் மாதத் தாளை, கொப்பி ஒற்றையைக் கேட்டேன். கொப்பி தொலையவில்லை, மேசை லாச்சியில் அடியில் இருந்தது. அடிமட்டம் வைத்து ஒழுங்காகக் கிழித்துத் தந்தார். "நல்லா யோசிச்சீங்களா சேர்? வேல போய்டுமே" என்றார். போகும் என்றேன்.

நவம்பர் 2, திங்கள்

சிங்களத்தில் எழுதினேன். மூன்று பக்கம். மார்ச் 11, பதினொன்று முதல் ஒன்றேகால் வரை நான் அங்கே இருக்கவில்லை. நாட்தாள் காலையிலேயே எழுதப்பட்டது. பொலிசுக்கு நான் சொன்னது பொய். சிலை ஐந்தரை அடி ஆழத்தில் கிடைத்தது, அங்கே நின்றவர் சொன்ன அளவு. இராமசாமி அதை என் சொற்படி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இந்த முறை கையெழுத்து அழகாக வரவில்லை. வெட்டித் திருத்தி வெட்டித் திருத்தித்தான் எழுதினேன்.

கலந்தரின் ஒற்றையையும் சேர்த்துக் காலை பத்து மணிக்குக் கொடுத்தேன். மேலதிகாரி இரண்டு தரம் வாசித்தார். "இப்போது எதற்கு இது? யாரும் கேட்கவில்லையே" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எங்கெங்கோ டெலிபோன் பண்ணினார். பன்னிரண்டு மணிக்கு, நாட்தாள் கட்டையும் சாவியையும் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். விசாரணை வருமாம். பொலிசும் வருமாம். வரட்டும்.

இராமசாமியின் வழக்கைத் திரும்ப எடுப்பார்களா தெரியாது. எடுத்தாலும் அந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

கடிதத்தின் நகலில் முத்திரை குத்தி வாங்கி வைத்திருந்தேன். அதைத் தமிழிலும் எழுதி மடித்து எடுத்துக்கொண்டு பலாபத்வலையில் பஸ்ஸால் இறங்கினேன். கலந்தர் கடை வாசலில் நின்றார். பக்கத்தில் ஓவசியரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"எங்க சேர், இந்த நேரத்தில?"

"லைனுக்கு. இராமசாமி வீட்டை போறன்" என்றேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.